நம்ம வீடு குழு: அத்தையின் முழங்கால்

சுமதி அத்தை: நேற்று வந்த எல்லோருக்கும் நன்றி. அண்ணா, ஒன்று சொல்கிறேன், கோபப்படக் கூடாது. பதினொரு பேர் கட்டிலைச் சுற்றி நின்றீர்கள். வலிக்கு ஊசி போட்டு அப்போதுதான் கண்ணசந்திருந்தேன்.

பெரியப்பா: எனக்கு பைபாஸ் நடந்தபோது மூன்று நாள் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. என் தங்கைக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் வேன் பிடித்து வந்தேன். நமக்கு எது வேண்டுமோ அதைத்தானே அடுத்தவருக்கும் செய்யணும்?

பெரியம்மா: ஐசியூவுக்குள் யாரை விட்டார்கள்? வெளியே பெஞ்சிலேயே கிடந்தேன் நான். ஒருத்தரும் வரவில்லையாம்.

கார்த்தி: பெரியப்பா சொல்வது பைபிளில் மத்தேயு 7:12. வள்ளுவர் அதையே 'செய்யாதே' என்று திருப்பிப் போடுகிறார்:
இன்னா எனத்தான் உணர்ந்தவை துன்னாமை
வேண்டும் பிறன்கண் செயல் (316)
உனக்கு வலித்ததை இன்னொருவருக்குச் செய்யாதே, அவ்வளவுதான். சீன ஞானி கன்ஃபூசியஸும் இந்தப் பக்கம்தான்.

பெரியப்பா: எனக்கு வலித்தது யாரும் வராதது. அதை நான் சுமதிக்குச் செய்யவில்லை. குறள்படிதான் நடந்திருக்கிறேன் தம்பி.

கார்த்தி: 😂 மாட்டிக்கொண்டேன்.

மீனா: அவரவர் ருசி வேறாக இருக்கலாமே என்று நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா 1903லேயே இந்த விதியைக் கிண்டல் செய்துவிட்டார். பெரியப்பாவுக்குக் கூட்டம் வேண்டும். அத்தை கல்யாண வீட்டிலேயே மாடிக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறவர்.

சுமதி அத்தை: ருசியை மட்டும் பார்த்தாலும் சரிவராது மீனா. காலையில் பிசியோ பெண் வந்து முழங்காலை மடக்குகிறாள், உயிர் போகிறது. 'உனக்கு இப்படிச் செய்தால் பிடிக்குமா'ன்னு கேட்டேன். 'பிடிக்காது ஆன்ட்டி, இன்னும் பத்து டிகிரி' என்கிறாள்.

கார்த்தி: அத்தை, ஜெர்மன் தத்துவஞானி காண்ட் 1785இல் ஓர் அடிக்குறிப்பில் போட்டதும் இதுதான்! இந்த விதியை வைத்துக் குற்றவாளி தன்னைத் தண்டிக்கும் நீதிபதியையே மடக்கலாமே என்றார். பெரியப்பா, அத்தையின் கட்டிலில் உங்களைப் படுக்கவைத்துப் பார்த்தால் போதாது. அத்தையின் சுபாவம், அந்த முழங்கால், திரும்ப மாடிப்படி ஏறும் ஆசை எல்லாவற்றோடும் படுக்கணும்.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: சரி. சுமதி, ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

சுமதி அத்தை: நாலு மணிக்கு மேல் வாங்க. நீங்களும் அண்ணியும் மட்டும். பிரியாணி வேண்டாம், அண்ணி கையால் மிளகு ரசம்.

பெரியம்மா: வேன்காரருக்கு வேண்டாம்னு சொல்லிவிட்டேன்.