முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு வேலை தேடிய மூவரின் அனுபவங்கள்

வேதியியல், சென்னை

முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு) உதவித்தொகை ஐந்தாண்டுகளோடு நின்றுவிடும் என்பது சேர்ந்த நாளிலேயே எனக்குத் தெரியும். ஆயினும் மாதம் 31,000 ரூபாயில் தொடங்கி, முதுநிலைக்கு உயர்ந்து, 2023ஆம் ஆண்டின் உயர்வுக்குப் பிறகு 42,000 ரூபாய் பெற்றுவந்த நான், அந்தத் தொகை நின்ற மாதத்தில்தான் வேலை தேடத் தொடங்கினேன். நெறியாளர் காட்டிய வழி, முனைவர் பட்டத்துக்குப் பின் செய்யும் தற்காலிக ஆய்வுப் பணியான போஸ்ட்டாக் ஒன்றுதான். அவர் வந்த பாதையும் அதுவே என்பதால் அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சயின்ஸ் இதழின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மைஐடிபி என்ற, ஆய்வாளருக்கு எந்தப் பணி பொருந்தும் என்று காட்டும் தன்மதிப்பீட்டை நிரப்பிப் பார்த்தபோது, ஆய்வுக்கூடத்தைவிடப் படிப்பதும் எழுதுவதுமே எனக்கு உகந்தவை என்பதை என் விடைகளே காட்டின. அது முன்வைத்த துறைகளுள் காப்புரிமையும் ஒன்று.

எங்கள் துறையில் படித்துவிட்டு அந்தப் பணியில் இருந்த அக்கா ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வேலை கேட்காமல், அவருடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று மட்டும் கேட்டதனாலோ என்னவோ, முக்கால் மணி நேரம் பேசினார். என் ஏழு பக்கத் தன்விவரக் குறிப்பை இரண்டு பக்கமாகக் குறைக்க வைத்தவரும் அவரே.

முதலில் விண்ணப்பித்த நிறுவனம், இரண்டு பக்கக் கண்டுபிடிப்புக் குறிப்பொன்றைக் கொடுத்து, அது முன்பே வெளிவந்திருக்கிறதா என்று தேடச் சொன்னது. ஆய்வு மாணவனுக்கே உரிய பழக்கத்தில், படித்த கட்டுரைகளையெல்லாம் திரட்டிப் பத்துப் பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன், நிராகரித்துவிட்டார்கள். உரிமைகோரலின், அதாவது எதற்குக் காப்புரிமை கேட்கப்படுகிறது என்ற வரையறையின், ஒவ்வொரு கூறும் முந்தைய ஆவணம் ஒன்றில் இடம்பெற்றிருக்கிறதா இல்லையா என்று காட்டும் அட்டவணையைத்தான் அவர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ் ஆகிய தேடல் தளங்களில் பழைய காப்புரிமைகளை எடுத்து இரண்டு மாதம் அப்படி அட்டவணை போட்டுப் பழகிய பிறகே வேறொரு நிறுவனத்தில் இடம் கிடைத்தது. பிறர் சார்பில் காப்புரிமை விண்ணப்பங்களைக் கையாளும் தகுதி தரும் காப்புரிமை முகவர் தேர்வை இனிதான் எழுத வேண்டும். இரண்டு தாள்கள் ஒவ்வொன்றிலும் 50 விழுக்காடும், நேர்முகத்தையும் சேர்த்து மொத்தத்தில் 60 விழுக்காடும் பெற வேண்டிய அந்தத் தேர்வு ஆண்டு தவறாமல் நடப்பதில்லை என்பதால், அதற்காகக் காத்திராமல் முதலில் வேலையில் சேர்வதே நல்லது என்பது என் கருத்து.

உயிரியல், கோயம்புத்தூர்

நான் போஸ்ட்டாக் வழியையே தேர்ந்தேன். தடுக்கி விழுந்தது ஒரே ஒரு விதியில். ஆய்வாளர் பணிகளுக்கான ஐரோப்பிய ஆணையத்தின் யூராக்ஸஸ் தளத்தில் தேடி, ஐரோப்பிய ஒன்றியம் போஸ்ட்டாக் ஆய்வாளர்களுக்குத் தரும் மேரி கியூரி நிதிநல்கைக்காக ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்குழுவின் ஒப்புதலையும் பெற்றுவிட்டேன். ஆனால் விண்ணப்பக் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், செல்லவிருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. ஆய்வுக் காலத்தில் வருகை மாணவனாக அங்கே 14 மாதங்கள் இருந்தவன் நான். முன்மொழிவை முக்கால்வாசி எழுதிய பிறகே இதைக் கவனித்ததால், பெல்ஜியத்தில் வேறொரு குழுவைத் தேடுவதற்குள் அந்த ஆண்டு செப்டம்பரில் இருந்த விண்ணப்பக் கடைசி நாள் கடந்துவிட்டது. தகுதி விதிகளை முதலில் படியுங்கள். ஆய்வுத் திட்டத்தைப் பிறகு எழுதலாம். மற்றொன்று, வாய்மொழித் தேர்வை வெற்றிகரமாக முடித்திருந்தால், பட்டம் கைக்கு வராத நிலையிலும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

வரலாறு, திருநெல்வேலி

பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக முனைவர் பட்டம் கட்டாயமாகப் போகிறது என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளை நம்பி, தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வை எழுதாமலேயே இருந்துவிட்டேன். 2023 ஜூலையில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சி மட்டும் பெற்ற இளையவர்கள் இப்போது என்னோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வரலாறு, இலக்கியம் போன்ற மானுடப் புலங்கள், சமூக அறிவியல் ஆகியவற்றின் முனைவர் பட்டத்தாருக்கென்றே உள்ள, பணி வாய்ப்புகளைக் காட்டும் இமேஜின் பிஎச்டி தளத்தை அண்மையில்தான் கண்டேன். வேதியியல் நண்பர் சொல்லும் காப்புரிமைப் பணி எங்களைப் போன்றோருக்கும் உண்டா?

வேதியியல், சென்னை

காப்புரிமை முகவராக அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, ஆகவே அந்த வாசல் அடைபட்டதுதான். வணிகக்குறி (டிரேட்மார்க்) முகவர் தேர்வுக்கு அப்படி இல்லை. எந்தத் துறைப் பட்டதாரியும் எழுதலாம்.