மறு: ‘மல்லிகன்’ – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

நூலகத்துக்கு வரும் பிள்ளைகளுக்காக, கணினியில் ஆடும் சேகரிப்புச் சீட்டு விளையாட்டுகளுக்கு ஒரு தொடக்கக் கையேடு எழுதுகிறோம். மேஜிக் அரீனா, ஹார்த்ஸ்டோன் இரண்டும்தான். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘மல்லிகன்’ (mulligan) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடி மாட்டிக்கொண்டோம். அரீனாவில் 60 சீட்டுக் கட்டிலிருந்து முதலில் 7 வரும். நிலச் சீட்டே (மற்ற சீட்டுகளை ஆடச் சக்தி தருவது) வரவில்லை, அல்லது வந்ததெல்லாம் நிலம் என்றால் ‘கை’யை, அதாவது கையில் வந்த சீட்டுகள் மொத்தத்தையும், திருப்பிக் கொடுத்து, கலைத்து, வேறு 7 எடுக்கலாம். ஆனால் எத்தனை முறை அப்படிச் செய்தோமோ அத்தனை சீட்டைக் கட்டின் அடியில் வைத்துவிட வேண்டும். படத்தில் பொத்தானுக்குப் பக்கத்தில் எழுத வேண்டியது, குட்டியாக இருக்கட்டும். ‘மறுகை’ சரிவருமா?

———

தம்பி, மறுகை வேண்டாம். மறு என்றால் களங்கம். மறுகுதல் என்றால் மனம் கலங்குதல். சங்கப் பாட்டிலோ மறுகு என்பது தெரு. நிலமில்லாத கையைப் பார்த்து ஒருவன் மறுகுவான்தான், ஆனாலும் நாம் கேட்ட பொருள் அதில்லை. ‘மீள்கை’ என்று வையுங்கள். அப்படியே ‘சீட்டு’ தமிழ்தானா என்றும் யோசிக்கலாம். கட்டுக்கு ‘ஏட்டுக்கட்டு’ எவ்வளவு அழகாக இருக்கிறது!

———

ஐயா, ஏட்டுக்கட்டு என்றால் போலீஸ் ஏட்டைக் கட்டிப்போட்டதாகப் பிள்ளைகள் நினைப்பார்கள். மீள்கையும் இடிக்கிறது. வருகை, செய்கை போல அந்தக் ‘கை’யைத் தொழிற்பெயர் விகுதியாகத்தான் யாரும் படிப்பார்கள். சீட்டைப் பிடித்திருக்கும் கை காணாமல் போய்விடுகிறது.

———

அம்மா, காணாமல் போகவில்லை, இரண்டுமாக நிற்கிறது. அதற்குச் சிலேடை என்று பெயர். காளமேகம் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

———

காளமேகம் அரீனா ஆடியதில்லை. நான் ஆடுகிறேன். நீங்கள் எல்லோரும் ஹார்த்ஸ்டோனை மறந்துவிட்டீர்கள். அங்கே கட்டு 30 சீட்டு. முதலில் ஆடுபவருக்கு 3, அடுத்தவருக்கு 4. பிடிக்காத சீட்டை மட்டும் தொட்டுக் கொடுத்தால் அதற்குப் பதில் வேறு வரும். ஒரே முறைதான், தண்டமும் கிடையாது. அரீனாவில் முழுக் கையும் போகிறது, தண்டமும் உண்டு. ஆங்கிலக்காரர் கோல்ஃபிலிருந்து எடுத்த ஒரே சொல்லை இரண்டு வேலைக்கும் வைத்துக்கொண்டார்கள். நாமும் ஒன்றே வைத்தால், ஹார்த்ஸ்டோனில் பழகிய பிள்ளை அரீனாவில் ஒரு சீட்டுக்காகக் கை மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்துவிடும். என் தம்பி மகன் அப்படித்தான் கொடுத்தான். ஆகவே அரீனாவுக்குக் ‘கலைத்தெடு’, ஹார்த்ஸ்டோனுக்கு ‘மாற்று’.

———

கோல்ஃப் என்றதும் ஞாபகம் வருகிறது. தவறிய அடியைக் கணக்கில் சேர்க்காமல் இன்னொரு அடி அடிக்க விடுவதுதானே அது? எங்கள் தெரு கிரிக்கெட்டில் முதல் பந்தில் அவுட்டானால் ‘ட்ரையல் பால்’ என்போம். அதையே வைத்தால் விளக்கமே வேண்டாம். சிலர் அதை அழுகுணி ஆட்டம் என்பார்கள், அது வேறு கதை.

———

அழுகுணி என்பதன் வேரைப் பற்றித் தனி இழை தொடங்கலாம். இங்கே வேண்டாம். எனக்குச் ‘சீட்டு’ என்ற சொல்தான் கவலை. அட்டையில் அதைப் பார்த்தால் பெற்றோர் ரம்மி என்று பதறுவார்கள். இணையச் சூதாட்டத்துக்கு எதிராக 2022இல் சட்டமே வந்த ஊர் இது.

———

சீட்டை விட்டால் ‘அட்டை’தான் மிச்சம். ரேஷன் அட்டை, அட்டைப்பூச்சி எல்லாம் கூடவே வரும். அட்டையின் அட்டையில் என்ன போடுவது?

———

நண்பர்களே, வியாழன் இரவு ஆகிவிட்டது. ‘கலைத்தெடு’வுக்கு நாலு பேர், ‘மீள்கை’க்கு ஒருவர், ட்ரையல் பாலுக்கு ஒருவர் (விளையாட்டாகச் சொன்னதாக நம்புகிறேன்). ஆகவே கலைத்தெடு, மாற்று. இரண்டின் கீழும் சிறிய எழுத்தில் மல்லிகன் என்று போடுகிறோம். ஆங்கிலத்தில் ஆடுபவர்கள் இரண்டுக்கும் சொல்வது அந்தச் சொல்லைத்தானே. சீட்டு அப்படியே இருக்கும். பெற்றோருக்காக முதல் பக்கத்தில் ‘இது ரம்மி அல்ல’ என்று ஒரு வரி.

———

அச்சேறட்டும். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘கலைத்தெடு’ வினை. ஒருவன் இரண்டு முறை அதைச் செய்தால் ‘இரண்டு கலைத்தெடு’ என்பீர்களோ? இரண்டு மீள்கை என்று சொல்லிப் பாருங்கள், தம்பி.