யூஎஸ்பி டிஎம்எக்ஸ்: வள்ளி திருமணம் நடுவுல லைட்டு வெட்டி வெட்டி இழுக்குது

காரைக்குடி லைட்செட்:
அண்ணே வணக்கம். போன வாரம் பள்ளத்தூர் பக்கம் திருவிழா, விடிய விடிய வள்ளி திருமணம். 12 எல்இடி பார் லைட்டு. லேப்டாப்புல லைட்டை ஓட்டுற சாஃப்ட்வேர் கியூஎல்சி பிளஸ். லைட்டுக்கு நிறமும் வெளிச்சமும் சொல்ற டிஎம்எக்ஸ் சிக்னல் போறதுக்கு, யூஎஸ்பி-சீரியல் சிப்போட மேக்ஸ்485 லைன் டிரைவர் சிப் சேர்த்து நானே சால்டரிங் பண்ணின கேபிள். முருகனுக்கும் வள்ளிக்கும் தர்க்கம் சூடு பிடிக்கிற நேரம், மெதுவா நீலத்துக்கு இறங்க வேண்டிய வெளிச்சம் வெட்டி வெட்டி இழுத்துச்சு. ரெண்டு தடவை மொத்தமாவே அணைஞ்சிருச்சு. முன்னாடி உக்காந்திருந்த ஆச்சி "கரண்டு போச்சாப்பா?"ன்னு கேட்டாங்க. ராத்திரி முழுக்கத் தொண்டையைக் கொடுத்துப் பாடுறவங்களுக்கு என் லைட்டால குறை வரக்கூடாதுண்ணே. ஏடிமெகா32யு4 மைக்ரோகண்ட்ரோலர் போர்டு ஒண்ணு கையில இருக்கு. அதை வச்சு எப்படிச் செய்யிறது?

தேவகோட்டை ஃபார்ம்வேர்:
தம்பி, எல்லா சேனல் மதிப்பும் ஒரு தடவை போறது ஒரு ஃபிரேம், அதுக்கு முன்னாடி லைனைக் கீழ இறக்கி வைக்கிறது பிரேக். உங்க கேபிள்ல பிரேக் நேரத்தை லேப்டாப்புதான் பார்த்துக்கிது. அது வேற வேலையில மாட்டினா ஃபிரேம் தள்ளிப்போகும். சில லைட்டு அதை சிக்னல் போனதா எடுத்துக்கிட்டு அணைஞ்சிரும். நேரக் கணக்கை போர்டுகிட்டயே விட்டுருங்க.

16 மெகாஹெர்ட்ஸ்ல யுபிஆர்ஆர், அதாவது வேகத்தை நிர்ணயிக்கிற ரிஜிஸ்டர், 3 வச்சா செகண்டுக்குச் சரியா 250 கிலோபிட், 2 ஸ்டாப் பிட். பிரேக்குக்கு யுபிஆர்ஆரை 11 ஆக்கி ஒரு சுழி பைட் அனுப்புங்க: லைன் 108 மைக்ரோசெகண்டு கீழ, 24 மேல நிக்கும். குறைஞ்சபட்சத் தேவை 92-ம் 12-ம் தான். பைட் முழுசா வெளிய போன பிறகே 3-க்குத் திரும்பணும். 512 சேனலும் போக ஒரு ஃபிரேமுக்கு 23 மில்லிசெகண்டு கிட்ட ஆகும்.

பலரும் கோட்டை விடுற இடம் பஃபர், அதாவது டேட்டாவைச் சேர்த்து வைக்கிற மெமரி. யூஎஸ்பி டேட்டா 64 பைட் துண்டு துண்டா வருது. வர வர நேரா அனுப்பினா பாதி லைட்டு பழைய நிறம், பாதி புதுசு. 512 சேனலோட முன்னாடி போற தொடக்க பைட்டும் சேர்த்து 513 பைட்ல ரெண்டு பஃபர் வைங்க, 2.5 கிலோபைட் ரேமுக்குள்ள அடங்கிரும். ஒண்ணு நிறையட்டும், இன்னொண்ணு ஓடட்டும். முழுசா வந்த பிறகு, ஃபிரேம் முடியிற இடத்துல மாத்துங்க. லேப்டாப் போர்டுக்கு அனுப்புற பாக்கெட்டுல தலைப்பு பைட் 126, லேபிள் 6, நீளம், டேட்டா, கடைசியில 231: இது நிறைய மென்பொருளுக்குத் தெரிஞ்ச அமைப்பு. 231 சேனல் மதிப்பாவும் வரும், அதனால முடிவை நீளத்தை வச்சுத்தான் தீர்மானிக்கணும்.

புதுவயல் ஜெனரேட்டர்:
மேடை ஒரு ஃபேஸ், லேப்டாப் இன்னொரு ஃபேஸ்னு போட்டு ஒரு யூஎஸ்பி போர்ட்டைக் கருக்கினவன் நான். மேக்ஸ்485 தாங்குறது -7-ல இருந்து +12 வோல்ட் வரைக்கும்தான். நடுவுல 6என்137 ஆப்டோ (சிக்னலை ஒளியாக் கடத்தி ரெண்டு பக்கத்து மின்சாரத்தையும் பிரிக்கிற சிப்), தனியா ஒரு ஐசோலேட்டட் 5 வோல்ட் சப்ளை. லைட்டு கேபிளோட எக்ஸ்எல்ஆர் கனெக்டர்ல 1-ம் பின் யூஎஸ்பி கிரவுண்டைத் தொடவே கூடாது. சிக்னல் திரும்பி அடிக்காம இருக்க, கடைசி லைட்டுல 120 ஓம் ரெசிஸ்டர் போட்டீங்களா?

காரைக்குடி லைட்செட்:
போடலைண்ணே, இப்ப போட்டுட்டேன். ரெண்டு பஃபர் எழுதி நேத்து ராத்திரி ஷெட்டுல விடிய விடிய ஓட்டினேன், ஒரு துடிப்பு இல்லை. சாஃப்ட்வேரை மூடினாக்கூட கடைசி நிறத்துலயே நிக்குது. ஆப்டோ மதுரையில இருந்து வரணும். வந்து சேராம கண்டனூர் நாடகத்துக்கு இதைக் கொண்டுபோக மாட்டேன்.