நாலு செட் புதைத்தும் வோல்ட் ஏறவில்லை, லைட் எரியவில்லை. உதவி!

கொழுந்துச்சாக்கு (பொகவந்தலாவை):
அவசரம். மண்ணில் தகரத்துண்டும் செம்புக் கம்பியும் புதைத்துக் கரண்ட் எடுக்கிறேன். மீட்டர் வோல்ட் காட்டுகிறது. நாலு செட் வரிசையாகச் சேர்த்தும் எல்.ஈ.டி. எரியவில்லை. எங்கே பிழை? திங்கட்கிழமை தங்கச்சி பாடசாலைக்குக் கொண்டு போக வேண்டும்.

ஹட்டன் சோல்டர்:
எத்தனை வோல்ட்? எல்.ஈ.டி. என்ன நிறம்? தகரம் புதுசா, துருப்பிடித்ததா? துரு என்றால் மேலே இருந்த நாகப்பூச்சு (துத்தநாகம்) போய்விட்டது, மிச்சம் வெறும் இரும்பு. நாலையும் எங்கே புதைத்தீர்கள்?

மீட்டர் மாமா:
மண்ணில்தான் கோளாறு. தேயிலை மண் அமில மண், பீ.எச். 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். உங்கள் மலையில் அண்மையில் அமிலத்தைக் குறைக்கும் டொலமைட் தூள் போட்டார்களா?

பழைய வால்வு ரேடியோ:
அலெக்சாண்டர் பெய்ன் 1841இலேயே நாகத் தகடும் செப்புத் தகடும் புதைத்து மணிக்கூடு ஓட்டிவிட்டார். கேட்பதற்கு முன் பாடப்புத்தகத்தைப் புரட்டியிருக்கலாம். இன்னொன்று, மண்ணிலிருந்து கரண்ட் வருவதில்லை தம்பி. நாகம் கரைகிறது, அதுதான் எரிபொருள்.

மலைக்காற்று:
எப்படியோ, காசில்லாத கரண்ட்தானே அண்ணே?

பழைய வால்வு ரேடியோ:
தகரம் சும்மா கிடைத்ததா? கூரையைக் கரைத்து விளக்கு ஏற்றுவதற்குப் பெயர் இலவசமா?

மலைக்காற்று:
வெட்டிப்போட்ட துண்டு அண்ணே. கூரை பத்திரமாகத்தான் இருக்கும்.

அவிச்ச கிழங்கு (வெலிமடை):
மண்ணை விடுங்கள். உருளைக்கிழங்கை அவித்துத் தகட்டைச் செருகுங்கள். பச்சைக் கிழங்கை விட அவித்ததில், கரண்டை உள்ளேயே மறிக்கும் உள்தடை குறைவு, கரண்ட் கூட வரும். வெலிமடைக் கிழங்காக இருந்தால் இன்னும் விசேஷம்.

மீட்டர் மாமா:
ஏன், நுவரெலியாக் கிழங்குக்கு என்ன குறை?

அவிச்ச கிழங்கு (வெலிமடை):
குறை சொல்லவில்லை, ருசியைச் சொன்னேன்.

ஹட்டன் சோல்டர்:
தகடு குத்திய கிழங்கை யாரும் தின்றுவிடாதீர்கள், நாகம் கலந்திருக்கும். கேட்டவர் எங்கே?

கொழுந்துச்சாக்கு (பொகவந்தலாவை):
மன்னிக்கவும், வேலைக்குப் போயிருந்தேன். எல்.ஈ.டி. வெள்ளை. தகரம் புதுசு. ஒரு செட் 0.82 வோல்ட், நாலு சேர்த்தால் 0.9தான். எல்லாம் தோட்ட லயத்துக்குப் பின்னால் தண்ணீர்ப் பீலிக்கரையில், ஒரே பாத்தியில், ஒரு அடி தள்ளித் தள்ளி.

ஹட்டன் சோல்டர்:
அதைத்தான் முதலிலேயே கேட்டேன். ஒரே ஈர மண்ணில் நாலும் நின்றால் அது நாலு பற்றரி இல்லை. ஈரம் எல்லாவற்றையும் உள்ளுக்குள் இணைத்துவிடுகிறது. நீங்கள் கம்பியால் சேர்த்த தகரமும் செம்பும் அந்த ஈரத்துக்குள்ளேயே ஷோர்ட் ஆகின்றன. இரண்டு முனையில் மிஞ்சுவது ஒரு செட் வோல்ட்தான்.

ஒவ்வொன்றையும் தனிப் பாத்திரத்தில் வையுங்கள். காலியான தயிர்ச்சட்டி போதும். ஆனால் சட்டிகள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. சுட்ட மண்ணிலும் ஈரம் கசியும், காய்ந்த பலகையில் விரல் இடைவெளி விட்டு வையுங்கள். மண்ணை நன்றாக நனைத்து அமுக்குங்கள், ஒரு சிட்டிகை உப்பும் போடலாம்.

நாலு சேர்ந்தால் 3.2 வோல்ட் காட்டும், அதை நம்பாதீர்கள். வெள்ளை எல்.ஈ.டி.க்குக் கிட்டத்தட்ட 3 வோல்ட் வேண்டும். அதை மாட்டியதும் உள்தடையால் வோல்ட் விழுந்துவிடும். மாட்டியபடியே அளந்து பாருங்கள். சிவப்பு என்றால் 1.8 வோல்டிலேயே மினுங்கும்.

மீட்டர் மாமா:
டொலமைட் பற்றி இன்னும் பதில் இல்லை.

குப்பைக் கூடை எலக்ட்ரோனிக்ஸ்:
வெள்ளைதான் வேண்டுமென்றால் ஜூல் தீஃப் செய்யுங்கள், குறைந்த வோல்டை உயர்த்தும் சின்ன சர்க்கியூட் அது. எரிந்துபோன சி.எஃப்.எல். குமிழை உடைக்காமல் அடிப்பக்கத்தைத் திறந்தால் சின்ன ஃபெரைட் வளையம் கிடைக்கும். அதில் பழைய கம்பிச் சுற்றைக் கழற்றிவிட்டு இரண்டு கம்பியைச் சேர்த்துச் சுற்றுங்கள். ஒரு பி.சி.547 ட்ரான்சிஸ்டர், ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான். எரியாவிட்டால் ஒரு சுற்றின் இரண்டு நுனிகளை மாற்றிக் கொடுங்கள், பத்துக்கு எட்டுப் பேர் பிழைக்கும் இடம் அதுதான். ஒரு செட் 0.82இல் தடுமாறும், இரண்டு செட் வையுங்கள்.

பழைய வால்வு ரேடியோ:
நான் சொன்னதைத்தான் எல்லோரும் நீட்டி முழக்குகிறீர்கள்.

கொழுந்துச்சாக்கு (பொகவந்தலாவை):
தயிர்ச்சட்டி ஆறு, சிவப்பு எல்.ஈ.டி. எரியுது! லைட்டை அணைத்தால்தான் தெரியுது. அம்மா சட்டி எங்கே என்று ஏசுறாங்க. நன்றி அண்ணே.

ஹட்டன் சோல்டர்:
நல்லது. மாட்டியபோது எத்தனை மில்லியம்பியர்? ஒரு படம் போடுங்கள்.

மீட்டர் மாமா:
தம்பி?