நான்காம் மாதத்தில் நின்றுபோன சலவை இயந்திரம்: யாரிடம் முறையிடுவது?

ஈசூன்வாசி:
வணக்கம். என் தாயார் அக்கம்பக்கக் கடை ஒன்றில் 900 வெள்ளிக்கு வாங்கிய சலவை இயந்திரம் நான்காம் மாதத்திலேயே நின்றுவிட்டது. கடைக்காரர் பழுதுபார்த்துக் கொடுத்த பிறகும் அதே கோளாறு திரும்பியுள்ளது. ஏழு நாள்களுக்குப் பிறகு கடை பொறுப்பேற்காது என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டி, தயாரிப்பாளரைப் பார்க்கச் சொல்கிறார். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்தால், பணத்தைத் திருப்பித் தரும்படி அவர்கள் உத்தரவிடுவார்களா?

சட்டம் படித்தவள்:
ரசீதில் உள்ள அந்த வரியைக் கண்டு தயங்க வேண்டாம். பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம் தரும் உரிமையைக் கடைக்காரர் தம் விருப்பப்படி விலக்கிவிட முடியாது. குறையுள்ள பொருள்களை வாங்கியவர்களுக்காக 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன்' சட்டத் திருத்தத்தின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்திற்குள் வெளிப்படும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். அப்படியில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, பொருளை விற்றவருடையது. நியாயமான காலத்திற்குள் சரிசெய்தோ மாற்றியோ தராவிட்டால், விலைக் குறைப்போ, பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணமோ கேட்கலாம்.

முன்னாள் தொண்டூழியர்:
1971ல் தொடங்கிய பயனீட்டாளர் சங்கத்தை அரசாங்க அலுவலகம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது லாப நோக்கமற்ற சங்கம். ஆலோசனை சொல்லும், கடைக்காரருடன் சமரசம் பேசும், ஆனால் உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இல்லை. போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம்தான் அரசாங்க அமைப்பு. 2018 ஏப்ரல் முதல் இச்சட்டத்தை நிர்வகிக்கும் அந்த ஆணையம், நியாயமற்ற வர்த்தகத்தைத் தொடர்ந்து செய்வோர்மீது நடவடிக்கை எடுக்கிறதே தவிர, தனிநபரின் பணத்தை மீட்டுத் தருவதில்லை.

உங்களுக்கு வேண்டிய உத்தரவு சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில்தான் கிடைக்கும். 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வெள்ளி வரையிலும் அங்கே வழக்கிடலாம். வழக்கறிஞருக்கு அங்கு இடமில்லை என்பதால், பெரிய கடையும் உங்கள் தாயாரும் ஏறக்குறைய சமநிலையில் நிற்பார்கள். இதை நான் மிகவும் மதிக்கிறேன். முதலில் சங்கத்தை நாடுங்கள்; அங்கே தீராவிட்டால் இரண்டாண்டுக் கெடுவுக்குள் மன்றத்துக்குச் செல்லுங்கள்.

ஈசூன்வாசி:
இருவருக்கும் நன்றி. ரசீது தாயாரின் பெயரில் உள்ளது. அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும், வயதும் எழுபதைத் தாண்டிவிட்டது. நான் பேசலாமா?

முன்னாள் தொண்டூழியர்:
பொதுவாக வழக்கிடுபவரே முன்னிலையாக வேண்டும். முதுமை, எழுத்தறிவின்மை, உடல்நலக் குறைவு ஆகிய காரணங்களால் தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்க இயலாதவர் என்று மன்றம் கருதினால், அவர் எழுத்து மூலம் அதிகாரமளித்த ஒருவர் பேசலாம். தாயாரே பேச விரும்பினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவியுங்கள். ரசீது, பழுதுபார்த்த சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல் அனைத்தையும் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். முக்கியமாக, கடையின் பெயர்ப்பலகையில் உள்ள பெயரை அப்படியே எழுதிவிடாமல், வர்த்தகப் பதிவு விவரங்களைத் தரும் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் அதன் பதிவுபெற்ற பெயரைத் தேடி, அந்தப் பெயரிலேயே வழக்கைப் பதியுங்கள்.