அம்பாசிடர் ஸ்பார்க் பிளக்: இரிடியமா, சாதாவா? கேப் (முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி) எவ்வளவு?

மலைரோடு:
அப்பா வாங்கிய மார்க் 4 அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல். இக்னிஷன் (பொறி உண்டாக்கும் அமைப்பு) இன்னும் பழைய பாயின்ட் செட்தான். சமவெளியில் குறையே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது மூன்றாவது கியரில் மிதித்தால் மிஸ்ஸிங், என்ஜின் விட்டு விட்டு எரிகிறது. கார்புரேட்டர் சுத்தம் செய்தாயிற்று. இரிடியம் பிளக் போடலாமா?

மாருதிக்காரன்:
தயங்காமல் போடுங்கள். நடு முனை ஊசி போல இருப்பதால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி தாவும், தேய்மானமும் குறைவு. கேப் 0.9 மி.மீ. வையுங்கள், பொறி பெரிதாக வரும். என் வண்டியில் அப்படித்தான்.

பழையகாயில்:
0.9 வேண்டவே வேண்டாம் தம்பி. உங்கள் வண்டியின் இக்னிஷன் வேறு, அவருடையது வேறு. அந்த என்ஜினுக்குச் சொல்லப்பட்ட கேப் 0.64 மி.மீ. மேட்டில் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏற, அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். பொறிக்கு வோல்டேஜ் தரும் பழைய காயிலுக்கு அந்தச் சக்தி கிடையாது. ஐடிலிங்கில் தெரியாத கோளாறு மலையில் தெரிவது அதனால்தான். தாவ முடியாத மின்சாரம் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) மூடியில் வேறு வழி தேடி, கருகல் கோடு போட்டுவிடும்.

மாருதிக்காரன்:
சரி அண்ணே, 0.9 என் தவறு. ஆனால் இரிடியத்தையே 0.64-ல் வைத்தால்? உங்கள் கணக்குப்படியே காயிலுக்குச் சுமை குறையுமே.

பழையகாயில்:
குறையும், மறுக்கவில்லை. ஆனால் ஆயில் கொஞ்சம் குடிக்கும் பழைய என்ஜினில் கரி படியும். கரி வழியாக மின்சாரம் கசிந்தால் எந்த உலோகமானாலும் ஒன்றுதான். சாதா பிளக்கைக் கழற்றி, பிரஷ் போட்டு, வெளி முனையை மெல்லத் தட்டி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) விட்டுப் பார்த்து மாட்டலாம். இரிடியத்தின் மெல்லிய முனையில் பிரஷ் படவே கூடாது.

நாலுசிலிண்டர்:
ஹீட் ரேஞ்சை (பிளக் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்ற அளவை) யாருமே கேட்கவில்லையே! என்ஜிகே கம்பெனியில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி, பாஷில் எண் கூடினால் சூடு. பாஷ் 8 இருந்த இடத்தில் என்ஜிகே 8 வாங்கிப் போட்டால், அது அதிகக் குளிர்ச்சி; முனை சுமார் 500 டிகிரியை எட்டாமல் கரி எரியாது. அப்புறம் எந்தக் கேப் வைத்தும் பயனில்லை.

மலைரோடு:
கழற்றிப் பார்த்தேன். கேப் இரண்டு பிளக்கில் 0.85, மற்ற இரண்டில் 0.8. புது சாதா பிளக், என்ஜிகே பிபி6இஎஸ், 0.64 வைத்து மாட்டினேன். பர்லியார் தாண்டி அழுத்தி மிதித்தும் மிஸ்ஸிங் இல்லை.

மாருதிக்காரன்:
ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் சரியானது கேப்பாலா, புது பிளக்காலா? பழையதையே 0.64-க்கு வைத்து ஒரு தடவை ஏறிப் பாருங்கள்.

மலைரோடு:
நியாயம்தான். பழைய நான்கும் டிக்கியில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அவற்றை மாட்டி ஏறுகிறேன்.