செயின் மட்டும் மாற்றினால் போதுமா, கேசட்டும் (பின் சக்கரத்தின் பற்சக்கர அடுக்கு) சேர்த்தா?

நண்பர்களே, என் 10 கியர் சைக்கிளின் செயினை இரும்பு ஸ்கேல் வைத்து அளந்தேன். புதுச் செயினில் ஒரு பின்னின் மையத்திலிருந்து அளந்தால் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின் வரும். என்னுடையதில் அது 1/16 அங்குலத்தையும் தாண்டி நிற்கிறது, அதாவது தேய்ந்து 0.5 சதவீதத்துக்கு மேல் நீண்டிருக்கிறது. செயின் தேய்மானத்தை அளக்கும் செயின் செக்கரில் 0.75 சதவீதப் பக்கம் உள்ளே இறங்கிவிடுகிறது, 1.0 இறங்கவில்லை. 11, 12 கியர் செயின்களை 0.5-லேயே மாற்றச் சொல்வார்கள், 10 கியருக்கு 0.75 என்பார்கள். ஆகவே செயின் மாற்றுவது உறுதி.

என் கவலை கேசட்தான். பழைய செயினோடு கியர் எங்கும் வழுக்கவில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தே தேய்ந்திருப்பதால் அது எதையும் நிரூபிக்காது. தேய்ந்த பற்களில் புதுச் செயின் ஏறினால், மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது தாவிவிடும், அதுதான் பயம். கண்ணால் பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லை. கியர் மாறுவதற்கு வசதியாகச் சில பற்களைத் தயாரிக்கும்போதே குட்டையாகவும் சரிவாகவும் வெட்டியிருப்பார்கள், தேய்மானம் எது, வடிவம் எது என்று பிரிப்பது கஷ்டம்.

0.75 வரை ஓட்டிவிட்டு செயினை மட்டும் மாற்றியவர்கள் இருக்கிறீர்களா? அதிகம் பயன்படுத்தும் நடுப் பற்சக்கரங்கள் தாங்கினவா? முன் செயின்ரிங்கை (மிதியோடு சேர்ந்த பற்சக்கரம்) எந்த நிலைக்கு வந்ததும் மாற்றுவீர்கள்? அப்புறம், பின் டிரெய்லியரின் (கியர் மாற்றச் செயினை நகர்த்தும் பகுதி) மேல் உருளை பக்கவாட்டில் லேசாக ஆடுகிறது. பல டிரெய்லியர்களில் அந்த ஆட்டத்தை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். எவ்வளவு ஆடினால் தேய்மானம் என்று எடுத்துக்கொள்வது?